சைக்கிள் பந்தயத்தைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

1994 ஜூலை 3. பிரான்ஸைச் சுற்றி ஓடும் டூர் து பிரான்ஸ் பந்தயத்தின் முதல் கட்ட ஓட்டம் வட பிரான்ஸின் ஆர்மோந்தியேர் நகரில் முடிகிறது. கடைசி மீற்றர்களில் ஸ்பிரிண்ட் வீரர்கள் தலையைக் குனிந்து மிதிக்கிறார்கள். கூட்டம் ரோட்டுக்குள் வராமல் பார்க்க நிறுத்தப்பட்ட பொலிஸ்காரர் ஒருவர், கையில் கமராவோடு தடுப்புக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெல்ஜிய வீரர் வில்ஃப்ரீட் நெலிசன் நேராகப் போய் அவர் மீது மோதினார். பின்னால் வந்த லொரோன் ஜலபேரின் முகம் சிதைந்தது, பற்கள் உடைந்தன. இருவருக்கும் அந்த ஆண்டு டூர் அன்றோடு முடிந்தது.

ஆபத்தைத் தடுக்க நின்றவரே ஆபத்தாகிவிட்டார் என்று அந்தப் பொலிஸ்காரரைத் திட்டுவது சுலபம். ஆனால் கமராவைக் கண்ணருகே கொண்டுபோகிற எவருக்கும் நடக்கக்கூடியதுதான் அவருக்கும் நடந்தது. கைத்தொலைபேசியின் சாதாரண லென்ஸ் அகன்ற கோணமுடையது. இருபது மீற்றருக்கு அப்பால் வருகிறவர் அதன் திரையில் எறும்பளவில்தான் தெரிவார். ‘இன்னும் தூரத்தில்தான் வருகிறார்கள்’ என்று மனம் சொல்லும். இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் படம் பெரிதாக வருமே என்று கால் தானாக முன்னால் போகும். ஸ்பிரிண்டில் மணிக்கு 65 கிலோமீற்றர் வேகம் சர்வசாதாரணம். அது செக்கனுக்கு 18 மீற்றர். திரையைப் பார்த்து ஃபோகஸைத் தட்டும் நேரத்துக்குள் அந்த இருபது மீற்றரும் தீர்ந்துவிடும்.

இதை இப்போது எழுதக் காரணம் பாரிஸின் மொன்மார்த்ர் மேடு. 2024 ஒலிம்பிக் சாலைப் பந்தயம் அந்த மேட்டில் ஏறியபோது கண்ட கூட்டத்தைப் பார்த்துத்தான், 2025 டூரின் கடைசி நாளிலும் வீரர்களை மூன்று தடவை அதே மேட்டில் ஏற்றினார்கள். பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலில் மரக்கறி வாங்கிவிட்டு நடந்தே போய்ப் பார்த்துவிடலாம். எங்கள் ஆட்களும் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, மற்றக் கையில் கைத்தொலைபேசியை நீட்டியபடி வருகிறார்கள். வரத்தான் வேண்டும். டிக்கெட் இல்லாமல், உலகத்தின் முதல்தர வீரர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க முடிகிற விளையாட்டுகள் மிகச் சிலதான். கைக்கெட்டும் தூரம் என்பதுதான் சிக்கலும். லெப்பிக் தெரு குறுகலானது, கல் பாவியது, வளைந்து ஏறுவது. அங்கே பெரிய கூட்டமாக வருகிற வீரர்கள் தெருவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்வார்கள். ஓரத்தில் உங்களுக்கென்று இடம் மிச்சமிருக்காது.

விளையாட்டுப் படப்பிடிப்பில் இருக்கிறவன் என்பதால், ‘எந்தக் கமரா வாங்கலாம்’ என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. எங்கே நிற்பது என்று கேட்பவர்கள் குறைவு. சைக்கிள் பந்தயத்தில் ஒரு படப்பிடிப்பாளரின் பெயர் இந்த இரண்டாவது கேள்வியில்தான் கிடக்கிறது. வீரர்கள் ஆண்டு முழுவதும் அதே முகங்களைத்தான் ரோட்டோரத்தில் பார்க்கிறார்கள். வளைவின் வெளிப்புறத்தில் மண்டியிட்டு இருப்பவர் யார், கடைசி நொடியில் காலை இழுக்கிறவர் யார், மேட்டில் மூச்சுத் திணறும் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்கிறவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும். வாகன ஓட்டிகளுக்கும் நடுவர்களுக்கும் தெரியும். படம் நன்றாக வந்ததா என்பது அதற்குப் பிறகு வருகிற விஷயம்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு இது இன்னும் கடுமை. பெரிய பந்தயங்களில் வண்டியோடு உள்ளே போக அனுமதி ஒரு சிலருக்கே கிடைக்கும். மற்றவர்கள் எல்லோரும் குறுக்குப் பாதைகளில் ஓடி இரண்டு மூன்று இடங்களைப் பிடிக்க வேண்டியதுதான். வண்டியில் போகிறவர் பின்னிருக்கையில் முழங்கால்களால் இறுக்கிக்கொண்டு, இடுப்பைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்து எடுக்கிறார். ரோட்டைப் பார்ப்பது ஓட்டுநர் மட்டும். அதனால் நல்ல படப்பிடிப்பாளர் என்று பெயரெடுத்தவர்களில் பலர் வருடக்கணக்காக ஒரே ஓட்டுநரோடுதான் போகிறார்கள். அந்த ஓட்டுநருக்குப் பந்தயம் தெரிந்திருக்க வேண்டும். இப்போது காற்று பக்கவாட்டில் அடிக்கிறது, கூட்டம் பிரியப்போகிறது, முந்தக் கூடாது என்று தானே உணர்ந்து ஒதுங்க வேண்டும். வண்டிகளை ஒழுங்குபடுத்த ஒருவர் இருக்கிறார். அவர் கைகாட்டினால் ஒவ்வொருவராக முன்னால் வந்து, சில படம் எடுத்து, விலகிவிட வேண்டும்.

விலகாவிட்டால் என்ன நடக்கும்? 2011 டூரில் ஒரு படப்பிடிப்பு வண்டி டென்மார்க் வீரர் நிக்கி சோரென்சனின் சைக்கிளில் கொளுவி, அதை இழுத்துக்கொண்டே போனது. அவர் ரோட்டோரத்தில் தூக்கி வீசப்பட்டார். அந்த வண்டியைப் பந்தயத்திலிருந்தே வெளியேற்றினார்கள். 2016இல் பெல்ஜியத்தின் ஹென்ட்–வெவெல்ஹெம் பந்தயத்தில் விழுந்த வீரர் அந்துவான் தெமுவாத்தியே மீது, பந்தயத்துக்குள் ஓடிய மோட்டார் சைக்கிள் ஒன்று மோதி அவர் இறந்துபோனார். அது படப்பிடிப்பு வண்டி அல்ல. ஆனாலும் அதன் பிறகு பந்தயத்துக்குள் எஞ்சினோடு ஓடுகிற எல்லோர் மீதும் பார்வை இறுகியது, சரியாகவே.

மோதாமல் போனாலும் வண்டி ஒன்றும் சும்மா போவதில்லை. காற்றியக்கத்தை ஆராயும் பேர்ட் புளொக்கன் குழுவினரின் கணக்குப்படி, தனியே ஓடுகிற வீரருக்கு 30 மீற்றர் முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போனாலே காற்றுத் தடை சுமார் 12 சதவீதம் குறைகிறது. 50 மீற்றர் முன்னால் போனாலும் 7 சதவீதம். மணிக்கு 54 கிலோமீற்றரில் ஓடுகிறவருக்கு 30 மீற்றர் என்பது நிமிடத்துக்கு இரண்டரைச் செக்கன் இலாபம். ‘நல்ல வெளிச்சம், இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நில்’ என்று பின்னிருக்கையிலிருந்து ஓட்டுநரின் தோளைத் தட்டுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, முடிவைத் தொடுகிறார். துரத்தி வருகிற வீரர்கள் இதைச் சொல்லித்தான் சத்தம் போடுவார்கள். பாதி வேளை அவர்கள் சொல்வது நியாயம்.

பெரிய படங்களின் கதையும் கொஞ்சம் இதோடு சேர்ந்ததுதான். 1964 டூரில், ஜூலை 12 அன்று, புய் து தோம் எரிமலை மேட்டில் பிரெஞ்சு வீரர்கள் ஜாக் அங்க்தில்லும் ரேமோன் புலிதோரும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு ஏறுகிற படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். முன்னால் போன வண்டியிலிருந்து எடுத்தது. பார்க்கிறவர்களுக்கு அதுதான் அந்தப் பந்தயத்தின் முடிவான தருணம் என்று தோன்றும். உண்மையில் முடிவான தருணம் அதற்குப் பிறகு, கடைசிக் கிலோமீற்றருக்குள், புலிதோர் பிரிந்து போனபோது வந்தது. அவர் 42 செக்கன் பிடித்தார். மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் அணிகிற மஞ்சள் ஜெர்சி அங்க்தில்லிடம் 14 செக்கனில் தப்பியது. அந்த டூரை 55 செக்கனில் அவரே வென்றார். புலிதோர் தன் வாழ்நாளில் ஒரு நாள்கூட மஞ்சள் ஜெர்சி அணியவில்லை. இவ்வளவும் படத்தில் இல்லை. ஆனால் இருவரின் முழங்கையும் தொட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகு, இவற்றையெல்லாம் தேடிப் படிக்காமல் இருக்க முடியாது. 1952 டூரில் இத்தாலிய வீரர்கள் கொப்பியும் பார்தாலியும் தண்ணீர்ப் போத்தலைக் கைமாற்றிய படம் இன்னொரு வகை. யார் யாருக்குக் கொடுத்தது என்று இத்தாலியர்கள் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். அது ஏற்பாடு செய்து எடுத்தது என்ற பேச்சும் உண்டு. எனக்கு அந்தச் சந்தேகத்தோடே அந்தப் படத்தைப் பிடிக்கும். ஆனால் இன்று ஒருவர் வீரர்களை அப்படி நடிக்கச் சொல்லி எடுத்துச் செய்திப்படம் என்று அனுப்பினால், அடுத்த நாள் அவருக்கு வேலை இருக்காது.

திறமை என்று வந்தால் கிரஹாம் வாட்சனைச் சொல்லாமல் போக முடியாது. 1970களின் இறுதியிலிருந்து நாற்பது ஆண்டுகள் அளவில் டூரைத் துரத்திய ஆங்கிலேயர். சூரியகாந்தி வயலும் வீரர் கூட்டமும் சேர்ந்த படம் என்றாலே அவர் நினைவுதான் வரும். அதைப் பார்த்து ‘பூவும் சைக்கிளும், இதில் என்ன இருக்கிறது’ என்று கேட்பவர்கள் ஒருதடவை முயன்று பார்க்கட்டும். முற்றிய சூரியகாந்தி சூரியனோடு திரும்புவதில்லை, கிழக்கைப் பார்த்தபடி நின்றுவிடும். பந்தயம் கடப்பது பெரும்பாலும் பிற்பகலில். பூவின் முகம் வேண்டுமென்றால் நீங்கள் கிழக்கே நின்று மேற்கைப் பார்க்க வேண்டும். அப்போது வெயில் உங்கள் லென்ஸுக்குள் விழும், வீரர்களின் முகம் இருண்டுவிடும். மறுபக்கம் போனால் வீரர் பளிச்சென்று வருவார், பூக்கள் முதுகைக் காட்டும். இரண்டும் ஒத்துவருகிற வயல், ரோடு வளைகிற திசை, கூட்டம் வந்துசேரும் நேரம் மூன்றையும் வரைபடத்தை வைத்துக்கொண்டு காலையிலேயே கணக்குப் பார்த்தவருக்குத்தான் அந்தப் படம் அமையும். மிச்சப் பேருக்கு மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒன்று கிடைக்கும்.

சேறு வேறு கதை. கோவிட் காரணமாக 2021இல், வட பிரான்ஸின் கல் பாவிய ரோடுகளில் ஓடுகிற பரி–ரூபே பந்தயம் ஒக்டோபருக்குத் தள்ளிப்போனது. பெண்களுக்கான முதல் பரி–ரூபேயும் அப்போதுதான் நடந்தது. லிசி டெய்க்னன் தனியாக வந்து வென்றார். அவர் சைக்கிளின் கைப்பிடி நாடா முழுவதும் இரத்தம். முகத்தை எல்லோரும் எடுத்தார்கள். ஆனால் கல் ரோடு கைகளை என்ன செய்கிறது என்று சொன்னது அந்தக் கைப்பிடியின் படம். மறுநாள் ஆண்களுக்கு மழை. 2002க்குப் பிறகு முதல் ஈரமான பரி–ரூபே. வென்ற சொனி கொல்பிரெல்லியின் முகத்தில் கண்ணும் பல்லும் தவிர எல்லாம் மண். அப்படிப்பட்ட நாளில்தான் இன்னொரு திறமை தெரியும், வருகிறவர் யார் என்று அடையாளம் காண்பது. எண் அட்டை முதுகில் இருக்கிறது, முன்னாலிருந்து பார்க்க முடியாது. தலைக்கவசம், கண்ணாடி, சப்பாத்து, தோளை ஆட்டுகிற விதம், இவற்றை வைத்துப் பெயர் சொல்ல வேண்டும். படக்குறிப்பில் பெயர் மாறிப் போனால், எத்தனை அழகான படமானாலும் பத்திரிகைக்குக் குப்பை.

விழுந்தவர்களை எடுப்பது பற்றிக் கேட்பீர்கள். எடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. 2020இல் போலந்துச் சுற்றில் கத்தோவிச்சே நகரில் ஃபாபியோ யாக்கொப்சன் தடுப்புக்குள் பாய்ந்து உயிருக்குப் போராடினார். தடுப்புகள் துண்டுதுண்டாகப் பறந்ததை உலகமே பார்த்தது. அடுத்த ஆண்டு சர்வதேச சைக்கிள் சங்கம் தடுப்பு விதிகளைத் திருத்தப் புறப்பட்டதில் அந்தக் காட்சிகளுக்குப் பங்குண்டு. எடுப்பது வேறு, உடனே அனுப்புவது வேறு. 2011இல் ‘ஜீரோ’ எனப்படும் இத்தாலியச் சுற்றில், பாசோ தெல் பொக்கோ இறக்கத்தில் வீரர் வூட்டர் வெய்லன்ட் விழுந்து இறந்தபோது, அவர் கிடந்த கோலம் தொலைக்காட்சி நேரலையில் போனது. வீட்டில் இருக்கிறவர்கள் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்கிற செய்தியாக அது இருக்கக் கூடாது. கைத்தொலைபேசியில் எடுத்தவர்களுக்கும் இது பொருந்தும். விழுந்தவர் எழுந்துவிட்டாரா என்று தெரியும்வரை அந்தக் காணொளி உங்கள் கையிலேயே இருக்கட்டும். மருத்துவர் வருகிற வழியில் நிற்காதீர்கள், அவ்வளவுதான்.

இனி நடைமுறை. கமரா வாரைத் தொங்கவிடாதீர்கள். 2018இல் ஆல்ப் துவேஸ் ஏற்றத்தில் ஒரு ரசிகரின் கமரா வார் கைப்பிடியில் சிக்கியதாகச் சொல்லப்பட்ட விழுகையில், வின்சென்சோ நிபாலியின் முள்ளெலும்பு உடைந்தது. அவர் எழுந்து மேட்டின் உச்சிவரை ஓடி முடித்தார், ஆனால் அடுத்த நாள் டூரில் இல்லை. 2014இல் அதே டூரை வென்றவர். வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள் அல்லது சட்டைக்குள் விடுங்கள். இறக்கத்தில் வளைவின் வெளிப்புறம் நிற்கவே வேண்டாம், பிரேக் பிடிபடாதவர் வந்து விழுகிற இடம் அதுதான். ஏற்றத்தில் நில்லுங்கள். வேகம் குறைவு, முகம் தெரியும், நேரமும் கிடைக்கும். ஆனால் ஏற்றத்திலும் நடு ரோட்டுக்கு வரக் கூடாது. 1999இல் அதே ஆல்ப் துவேஸில் தனியே முன்னால் வந்துகொண்டிருந்த ஜுசெப்பே கெரினியை, ரோட்டு நடுவில் கமராவோடு நின்ற ஒரு இளைஞர் விழுத்திவிட்டார். கெரினி எழுந்து போய் வென்றார் என்பது அந்த இளைஞரின் அதிர்ஷ்டம்.

வேகம் தெரிகிற படம் வேண்டுமென்றால் முன்னால் போகத் தேவையில்லை, பின்னால் வாருங்கள். ஷட்டர் வேகத்தை 1/60 அல்லது 1/30 செக்கனுக்கு இறக்கி, பக்கவாட்டில் கடக்கிறவரோடு இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்புங்கள். முகம் நிற்கும், பின்புறம் கோடாக இழுபடும். ரோட்டிலிருந்து தள்ளி நின்றால் திரும்புகிற வேகம் குறையும், கை பழகுவதும் சுலபம். முதலில் கிடைப்பதெல்லாம் அழிக்க வேண்டியதாகத்தான் இருக்கும்.

இதைப் பழக டூர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கிராமங்களில் உள்ளூர்க் கழகங்கள் வைக்கிற போட்டிகளில் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓடுவார்கள். தவறவிட்ட படம் சில நிமிடத்தில் திரும்பி வரும். எண் அட்டை கொடுக்கிற மேசையில் போய், படம் எடுக்க வந்திருக்கிறேன், எங்கே நிற்கலாம் என்று கேளுங்கள். வீரர் பட்டியலையும் அங்கேயே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரவு உட்கார்ந்து பெயர் எழுதும்போது தேவைப்படும்.