போன் அழைப்பைச் செயலி எவ்வளவு தூரம் அறியும்?

கைபேசிச் செயலிகள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட என்னிடம் ஆண்டுக்கு நாலைந்து பேராவது ஒரே கோரிக்கையோடு வருகிறார்கள். "எங்கள் ஊழியர்கள் யாரோடு பேசுகிறார்கள், எத்தனை நிமிடம் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பதெல்லாம் தானாகவே எனக்கு வந்துவிட வேண்டும், வேண்டாத அழைப்பென்றால் ஆப்பே கட் செய்துவிட வேண்டும்" என்பார்கள். கேட்பவர் வணிகம் நடத்துபவராக இருப்பார். சில சமயம் மகனின் போனைக் கண்காணிக்க விரும்பும் தகப்பனாராகவும் இருப்பார். இதில் பெரும்பகுதியைச் செய்ய முடியாது என்று சொன்னதும், "மற்ற ஆப்களெல்லாம் செய்கின்றனவே, உங்களால் மட்டும் ஏன் முடியாது?" என்ற கேள்வி வருகிறது. முடியாததை முடியும் என்று விளம்பரம் செய்யும் செயலிகளை நம்பித்தான் பலர் பணத்தையும் நிம்மதியையும் இழக்கிறார்கள் என்பதால், அந்தக் கேள்விக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அழைப்பைப் பற்றி ஆண்ட்ராய்டு ஒரு சாதாரணச் செயலிக்குச் சொல்வது மூன்று நிலைகளை மட்டுமே: மணி அடிக்கிறது, லைன் பயன்பாட்டில் இருக்கிறது, லைன் சும்மா இருக்கிறது. அழைப்பவரின் எண் முன்பெல்லாம் இதனோடு சேர்ந்தே வரும். 2018இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 9 அதை நிறுத்தி, அழைப்புப் பட்டியலைப் படிக்கும் அனுமதியும் இருந்தால்தான் எண் கிடைக்கும் என்றாக்கியது. அதே ஆண்டு கூகுள் ப்ளே, அந்த அனுமதியையே மிகச் சில வகைச் செயலிகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் சோதனைக்காக இரண்டு பழைய போன்களை வைத்திருக்கிறோம்; ஒன்றில் ஆண்ட்ராய்டு 8, மற்றொன்றில் 9. ஒரே செயலியை இரண்டிலும் போட்டு அழைத்தால், முதலாவதில் எண் வந்து விழும். இரண்டாவதில் மணி அடிப்பது மட்டும் பதிவாகி, எண் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக நிற்கும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த வெற்றுக் கட்டத்தைத்தான்.

நாம் பிறரை அழைக்கும்போது எழும் சிக்கல் இதைவிடப் பெரியது. எண்ணை அழுத்திய உடனேயே "லைன் பயன்பாட்டில் இருக்கிறது" என்ற நிலை வந்துவிடுகிறது. எதிர்முனையில் இருப்பவர் எடுத்துப் பேசுகிறாரா, அல்லது மணி மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறதா என்பதைச் சாதாரணச் செயலியால் பிரித்தறிய முடியாது. இந்த நுணுக்கம் தெரியாமல், அல்லது தெரிந்தும் மறைத்து, "பேசிய நேரம்" என்று அறிக்கை தரும் கண்காணிப்புச் செயலிகள் விற்கப்படுகின்றன. அப்படியொரு செயலியை வாங்கிய ஒரு விற்பனை நிறுவனத்தில், வாடிக்கையாளரோடு 40 நொடி பேசிவிட்டு விவரம் எழுதாமல் விட்டதாக ஒரு பெண் ஊழியரிடம் விளக்கம் கேட்டு, அந்த மாத ஊக்கத்தொகையையும் பிடித்துவிட்டார்கள். அறிக்கையைச் சரிபார்க்க என்னை அழைத்தபோது, அவருடைய போனின் அழைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதே நேரத்தில், அதே எண்ணுக்கு எதிரே 0 நொடி என்று இருந்தது. 40 நொடியும் மணி அடித்த நேரம். அந்த வாடிக்கையாளர் போனை எடுக்கவே இல்லை. ஒருவருடைய சம்பளத்தைத் தீர்மானிக்கும் அறிக்கையில் இப்படிப்பட்ட எண்ணை வைப்பது அநியாயம் என்று அந்த நிறுவனத்தாரிடமே சொன்னேன்.

வாட்ஸ்அப் போன்ற செயலிகள் வழியாகப் பேசுவது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. மின்கலத்தைச் சேமிப்பதற்காகப் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடும் போன்களில், சாதாரண அழைப்புகளும் விட்டுப்போகும்.

ஐபோனில் எல்லை இன்னும் இறுக்கமானது. ஓர் அழைப்பு இருக்கிறது, இணைந்தது, முடிந்தது என்ற அளவுக்குத்தான் செயலிக்குத் தெரியும், எண் தெரியாது. எண்களைத் தடுக்கும் செயலிகள்கூட ஒரு பட்டியலை முன்கூட்டியே போனிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கின்றன. ஒப்பிட்டுப் பார்ப்பது ஐபோன்தான். யார் அழைத்தார்கள் என்பது அந்தச் செயலிக்குச் சொல்லப்படுவதில்லை.

அழைப்பைப் பதிவு செய்வதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் வெளிச்செயலி ஒன்று பதிவு செய்தால், பெரும்பாலும் நம் குரல் மட்டும் இருக்கும், அல்லது கோப்பு முழுவதும் நிசப்தமாக இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கென்று உருவாக்கப்பட்ட, திரையைப் படிக்கவும் இயக்கவும் செயலிக்கு இடம் தரும் அணுகல்தன்மை வசதியைச் சுற்றுவழியாக வைத்துச் சிலர் பதிவு செய்துவந்தார்கள். 2022 மே 11 முதல் கூகுள் ப்ளே அதையும் தடை செய்தது. பதிவு உண்மையிலேயே தேவைப்படும் நிறுவனங்களுக்கு, அழைப்பு சர்வர் வழியாகச் செல்லும் சேவைகளையே பரிந்துரைக்கிறேன். அங்கே "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று இரு தரப்புக்கும் சொல்லிவிட்டுப் பதிவு செய்ய முடியும்.

ஆண்ட்ராய்டில் இந்தத் தடைகளில் பலவற்றைத் தாண்டி உள்ளே வர ஒரு வாசல் இருக்கிறது; அதைத் திறக்கும் அதிகாரம் போனின் உரிமையாளரிடம் மட்டுமே உண்டு. "இந்த ஆப்பை உங்கள் இயல்பான ஃபோன் ஆப் ஆக்கவா?" என்ற கேள்விக்குச் சம்மதித்துவிட்டால், அந்தச் செயலி எண்களைப் பார்க்கலாம், அழைப்பை எடுக்கலாம், துண்டிக்கலாம், அழைப்புத் திரையையே தன் விருப்பப்படி வரையலாம். தென்கொரியாவில் வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்த ஃபேக்கால் என்ற தீச்செயலியின் பிந்தைய வடிவம் இந்தச் சம்மதத்தைத்தான் கேட்டது. வாடிக்கையாளர் தன் வங்கியின் உண்மையான எண்ணைத்தான் அழுத்துவார், திரையிலும் அந்த எண்ணே தெரியும். ஆனால் இணைப்பு மோசடிக்காரரிடம் போய்ச் சேரும். வங்கிக்கு நீங்களே அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை அங்கே பயன்படாமல் போய்விடுகிறது.

என் மாமாவின் போனிலேயே இதுபோன்ற ஒன்றைப் பார்த்தேன். போக்குவரத்து அபராத ரசீது என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பை, அதாவது ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலியை நிறுவும் கோப்பை, அவர் நிறுவியிருந்தார். என் அழைப்பு வந்தபோது திரையில் பட்டன்கள் வேறு நிறத்தில், வேறு இடத்தில் இருந்தன. "மாமா, இது எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "நேற்றிலிருந்துதாம்பா. லைனைக் கட் பண்ணாதீங்கன்னு சொல்லிக்கிட்டே ஒவ்வொன்னா அமுக்கச் சொன்னாங்க, அமுக்கினேன்" என்றார். அமைப்புகளில் இயல்பான ஆப்களைத் திறந்தால், ஃபோன் ஆப் என்ற வரியில் அந்த ரசீதுச் செயலியின் பெயர் இருந்தது; அணுகல்தன்மைப் பட்டியலிலும் அது இயங்கிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து நிறுவிய செயலிகளுக்கு அணுகல்தன்மையை ஆண்ட்ராய்டு 13 எளிதில் தருவதில்லை. ஆனால் அவருடையது அதற்கு முந்தைய பதிப்பு.

முதலில் அவருடைய போனை விமானப் பயன்முறையில் போட்டேன். என் போனிலிருந்து வங்கிக்குப் பேசி இணையப் பரிவர்த்தனையை நிறுத்தச் சொன்னோம்; இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணிலும் புகார் பதிவு செய்தோம். அதன் பிறகு புகைப்படங்களை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு போனை முழுவதுமாக அழித்தேன்.

செயலிகளின் கண்ணுக்குப் பொதுவாக எட்டாத ஒன்றை அடுத்துச் சரிபார்த்தோம். அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு போனில் இல்லை, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பில் இருக்கிறது. எல்லா அழைப்புகளும் திருப்பப்பட்டால் போன் மணியே அடிக்காது, ஆகவே போனுக்குள் இருக்கும் எந்தச் செயலிக்கும் அந்த அழைப்பு தெரியாது, வங்கி குரலில் சொல்லும் ஓடிபி உட்பட. குறியீடுகள் வழியாக இப்படித் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது இதன் பொருட்டுத்தான். மாமாவின் எண்ணில் திருப்பல் ஏதும் மிஞ்சியிருக்கக்கூடாது என்று, திருப்பல்களை நீக்கும் ##002# குறியீட்டை அழுத்தி, எல்லாம் நீக்கப்பட்டதாகத் திரையில் வரும்வரை காத்திருந்து, என் போனிலிருந்து அவரை அழைத்துப் பார்த்தேன். பழைய திரை, பழைய பச்சைப் பட்டன், எடுத்துப் பேசினார்.