எண் போட்ட மரம்

"தம்பி, இந்த மரத்த வெட்டப் போறீங்களா?"

கோலாலம்பூரை ஒட்டிய காடுகளில் ஆய்வுக்காக மரம் அளக்கப் போகும்போது, மலையேற வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். மரத்தில் ஒரு சின்ன அலுமினியத் தகடு, அதில் எண், பக்கத்தில் ஒரு பெயின்ட் கோடு. பார்த்ததும் வெட்டத்தான் குறி வைத்திருக்கிறார்கள் என்று பதறிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. மரம் வெட்ட அனுமதி உள்ள காடுகளிலும் வெட்டுமுன் குறி போடுவது வழக்கம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் பெரியவர் ஒருவர் ஏழு தகடுகளைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். "மரத்தக் காப்பாத்தணும்னு புடுங்கிட்டேன் தம்பி" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. காட்டின் மேல் இவ்வளவு பாசம் உள்ளவருக்கு நாங்கள் யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லையே என்ற வருத்தம்தான் வந்தது.

அந்தத் தகடு மரத்தின் ஐசி, அதாவது அடையாள அட்டை மாதிரி. அந்த எண்ணை வைத்துத்தான் அது எந்த இனம், எங்கே நிற்கிறது, போன தடவை எவ்வளவு பருமன் இருந்தது என்பதெல்லாம் பதிவாகிறது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப் சுற்றி அளப்போம். அடிமரத்திலிருந்து பலகை போல விரியும் பலகை வேர் பெரிதாக இருந்தால் அதற்கும் மேலே ஏறி அளக்க வேண்டும். நிழலில் நிற்கும் கன்று ஒரு வருடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பருக்காமல் இருக்கலாம். டேப் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்ந்தாலே, வளராத மரம் வளர்ந்ததாகவும் வளர்ந்த மரம் இளைத்ததாகவும் கணக்கு வந்துவிடும். பெயின்ட் கோடு அதற்காகத்தான்.

நெகிரி செம்பிலானில் பாசோ காட்டில் 1985இல் தொடங்கிய 50 ஹெக்டேர் ஆய்வுத் திடல் இருக்கிறது. அங்கே ஒரு செ.மீ. விட்டமுள்ள கன்று முதல் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. 800க்கும் மேற்பட்ட இனங்கள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை அத்தனையையும் மறுபடி அளக்கிறார்கள். வறட்சியில் எந்த இனம் செத்தது, எது தாங்கியது, காடு எவ்வளவு கரிமத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது என்பதெல்லாம் இப்படித்தான் தெரியவருகிறது. வேறு குறுக்குவழி கிடையாது.

அந்தப் பெரியவரை ஒரு கப்பூர் மரத்தடிக்குக் கூட்டிப்போய், விழுந்து கிடந்த இலையைக் கசக்கி முகரச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. நம் பச்சைக் கற்பூரம் ஒரு காலத்தில் இந்த மரத்திலிருந்துதான் வந்தது. சுமத்ராவின் பாருஸ் துறைமுகம் அதற்குப் பேர்போனது. அங்கே தமிழ் வணிகர்களான ஐந்நூற்றுவர் 1088இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தில் கப்பூர் மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றைத் தொடாது. நடுவில் வாய்க்கால் போல வானம் தெரியும். அந்தக் காடே பழைய ஈய லம்பத்து (சுரங்க) நிலத்தில் 1920களிலிருந்து நட்டு வளர்த்தது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும்.

சரி, அந்த ஏழு தகடுகள். நாங்கள் அளக்கும் திடலையும் 20 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மரமும் நிற்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து வைத்திருப்போம். அதையும் பழைய அளவுகளையும் வைத்துத் தேடினோம். ஐந்து மரங்கள் உடனே தெரிந்துவிட்டன. மற்ற இரண்டும் ஒரே இனக் கன்றுகள், கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவை, பருமனும் கிட்டத்தட்ட ஒன்று. எது எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. புது எண் கொடுத்தோம். அவற்றின் பழைய பதிவு அத்தோடு நின்றுவிட்டது.

அதனால் மலையேறப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எண் போட்ட தகட்டையோ, தரையில் நட்ட குழாயையோ, கட்டிய நாடாவையோ தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் போட்டோ எடுத்து வனத்துறையிடம் கேளுங்கள். தகடு கழன்று கீழே கிடந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். அது யாருடையது என்பதற்கு அது விழுந்த இடம்தான் சாட்சி. பக்கத்தில் நிற்கும் மரத்தில் மாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள், காணாமல் போவதைவிட அதுதான் எங்களை அதிகம் குழப்பும்.