டிஸ்ஆட்டோநோமியான்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்லலாம்?

டிஸ்ஆட்டோநோமியான்னா நாம யோசிக்காமலே உடம்ப நடத்துற நரம்புகள்ல வர்ற கோளாறு. கிரேக்கத்துல இருந்து வந்த சொல், மூணு துண்டா உடைக்கலாம். டிஸ்னா கெட்ட, சரியில்லாத, சிரமமான. டிஸ்பெப்சியா (அஜீரணம்), டிசென்ட்ரி (சீதபேதி) எல்லாத்துக்கும் முன்னாடி நிக்கிறது இதேதான். ஆட்டோஸ்னா தான், சுயம். நோமோஸ்னா சட்டம். பின்னாடி ரெண்டும் சேர்ந்த ஆட்டோநோமியா மருத்துவச் சொல்லாவே பிறக்கல, ஒரு நகரம் இன்னொருத்தருக்கு அடங்காம தன் சட்டத்தைத் தானே போட்டுக்கிற உரிமைக்கு கிரேக்கர்கள் வச்ச பேரு அது. 1974-ல தமிழ்நாடு சட்டமன்றத்துல மாநில சுயாட்சித் தீர்மானம் வந்துச்சே, அந்த சுயாட்சியும் இதே சொல்லுக்கு நேரான சொல்தான்.

இந்த அரசியல் சொல்ல நரம்புக்குக் கொண்டுவந்தவர் ஜான் நியூபோர்ட் லாங்லி, கேம்பிரிட்ஜ்ல உடலியங்கியல் ஆராய்ச்சி பண்ணவர், 1898-ல ஆட்டோநாமிக் நெர்வஸ் சிஸ்டம்னு பேர் வச்சார். வச்ச அவரே, இந்தப் பேரு மூளை தண்டுவடத்துக்கிட்ட இருந்து உண்மையில இருக்கிறதவிட அதிக சுதந்திரம் இருக்கிற மாதிரி காட்டுதுன்னு ஒத்துக்கிட்டார், குடல் சுவர்ல இருக்கிற நரம்புகளுக்கு வேணா பொருந்தும்னார். தமிழ்ச் சொல் தேடும்போது இத ஞாபகம் வச்சுக்கணும்.

இந்த நரம்பு செய்ற வேலை என்னன்னா நாம யோசிக்காமலே நடக்கிற எல்லாம். படுத்திருந்து எழுந்து நிக்கிறோம், சுமார் அரை லிட்டர் ரத்தம் சட்டுன்னு காலுக்கும் வயித்துக்கும் இறங்கிடும், அந்த நொடியே கழுத்து ரத்தக்குழாய்ல இருக்கிற பிரஷர் உணரிகள் தகவல் அனுப்பி, கால் ரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயம் கொஞ்சம் வேகமெடுத்து மூளைக்கு ரத்தம் குறையாம பாத்துக்குது, நமக்கு ஒண்ணுமே தெரியறதில்ல. வேர்வை, எச்சில், கண்ணீர், கண் பாப்பா சுருங்கி விரியறது, சாப்பாடு குடல்ல நகர்றது, மூத்திரப்பை நிறையறது காலியாகறது எல்லாம் இதே கணக்குதான். இதுல எங்க கெட்டாலும் அது டிஸ்ஆட்டோநோமியா. அதனால இது ஒரு நோயோட பேரு கிடையாது, பல நோய்கள் வந்து சேர்ற ஒரு குடைப் பேரு.

தமிழ்ல என்ன இருக்குன்னு பாத்தா, தானியங்கு நரம்பு மண்டலம், தன்னியக்க நரம்பு மண்டலம், தன்னாட்சி நரம்பு மண்டலம்னு மூணும் புழக்கத்துல இருக்கு, இலங்கைல மண்டலம்ங்கிறதுக்குப் பதிலா தொகுதின்னு எழுதுவாங்க. எழுத்துக்கு எழுத்து பாத்தா தன்னாட்சிதான் நேர். ஆனா லாங்லி சொன்ன அதே குறை தன்னாட்சிக்கும் வருது, ஏதோ மூளைக்குத் தெரியாம தனி ராஜ்ஜியம் நடத்துற மாதிரி. தன்னியக்கம்னு சொன்னா தானா நடக்குதுங்கிற விஷயம் மட்டும் நிக்குது, அதிகமாவும் இல்ல குறைவாவும் இல்ல, என் ஓட்டு அதுக்குத்தான். டிஸ் பகுதிக்கு கோளாறு போதும், ஜனங்க வாய்ல ஏற்கனவே இருக்கிற சொல். ஆக தன்னியக்க நரம்புக் கோளாறு.

இதோட ரெண்டு பிரிவுக்கும் பரிவு நரம்பு, எதிர்ப்பரிவு நரம்புன்னு பாடப்புத்தகத்துல படிச்சிருப்பீங்க. நாய் துரத்தும்போது நெஞ்சடிக்க ஓட வைக்கிறது பரிவு, சாப்பிட்டு ஓய்வா இருக்கும்போது செரிக்க வைக்கிறது எதிர்ப்பரிவு, பேரப் பாத்தா தலைகீழா தோணும். சிம்பத்தெடிக்ங்கிற கிரேக்க வேர்ச்சொல்லுக்கு சேர்ந்து உணர்றதுன்னு அர்த்தம், ஒரு உறுப்புக்கு வலிச்சா இன்னொண்ணும் கூட உணருதுன்னு பழைய மருத்துவர்கள் நம்பினாங்க, அந்த நம்பிக்கை பேர்ல ஒட்டிக்கிச்சு. இப்ப மாத்த முடியாது, அர்த்தம் தெரிஞ்சு படிச்சா போதும்.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற விஷயத்துக்கு வரேன். எழுந்தா கண்ணு இருட்டுது, நின்னா படபடங்குது, ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு ரொம்பிடுதுன்னு ஒருத்தர் சொன்னா நம்ம ஊர்ல கிடைக்கிற பேரு நரம்புத் தளர்ச்சி. இது நியூராஸ்தீனியாங்கிற சொல்லோட நேர் மொழிபெயர்ப்பு, அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் பியர்ட் 1869-ல பிரபலமாக்கின பேரு, மனுஷனோட நரம்புச் சக்தி தீர்ந்துபோச்சுங்கிற கருத்து அது. அந்தக் கருத்த மருத்துவம் பெரும்பாலும் கைவிட்டுடுச்சு, ஆனா நம்ம சுவர் விளம்பரத்துலயும் லாட்ஜ் வைத்தியர்கிட்டயும் அந்தச் சொல் இன்னும் உயிரோட இருக்கு, ஆண்மைக்குறைவோட சேத்து எழுதி வச்சு கூச்சத்தையும் கூட ஒட்டிட்டாங்க. இதனால என்ன ஆகுதுன்னா உண்மையாவே தன்னியக்க நரம்பு கெட்டவங்க வெளிய சொல்ல வெக்கப்பட்டு லேகியத்துக்குக் காசு குடுக்கறாங்க, பொண்ணுங்களா இருந்தா பதட்டம், மனசு சரியில்லன்னு அனுப்பிடறாங்க. டிஸ்ஆட்டோநோமியாவ நரம்புத் தளர்ச்சின்னு மொழிபெயர்க்கவே கூடாதுன்னு நான் அடிச்சுச் சொல்றது இதனாலதான்.

காரணங்கள்ல முதல் இடம் சர்க்கரை நோய்க்கு. பல வருஷம் சுகர் கட்டுப்பாடில்லாம இருந்தா கால்ல மரத்துப்போற அதே மாதிரி உள்ளுறுப்பு நரம்பும் கெட்டுப்போகும். இரைப்பை மெதுவாயிடும், சாப்பாடு எப்ப கீழ இறங்கும்னே சொல்ல முடியாது, அதனால மாத்திரை ஊசி சரியா எடுத்தும் சுகர் ஒரு நாள் எகிறும் ஒரு நாள் விழும். அதவிட ஆபத்து, லோ சுகர் ஆகும்போது வர வேண்டிய கைநடுக்கம், வேர்வை, படபடப்பு எதுவும் வராம நேரா மயக்கத்துக்குப் போயிடலாம், மாரடைப்பு கூட நெஞ்சுவலி இல்லாம வரலாம். வீட்ல சுகர்காரங்க இருந்தா இத அவங்களுக்கு ஒருதரம் சொல்லிடுங்க.

அடுத்தது மருந்து. பிரஷர் மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் குடுக்கிற டாம்சுலோசின் மாதிரி மாத்திரை, சில மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாம் எழுந்து நிக்கும்போது பிரஷர இறக்கும், ராத்திரி பாத்ரூம் போக எழுந்து தாத்தாக்கள் விழறதுல இதுக்கும் பங்கு உண்டு, ஆனா மாத்திரைய நாமளே நிறுத்தக்கூடாது, டாக்டர்கிட்ட சொல்லி மாத்தணும். பார்க்கின்சன், கில்லன் பாரே, அமிலாய்டு, ஷோக்ரன் மாதிரி நோய்கள், மேல்முதுகுல தண்டுவடம் அடிபடறது, இதெல்லாம் கூட காரணம்தான். தொழுநோய்ல தேமல்ல வேர்வை வராம காஞ்சு கிடக்கறதும் அந்த இடத்து தன்னியக்க நரம்பிழை செத்துப்போனதாலதான். பிறவியிலயே வர்றதும் உண்டு, 1949-ல ரைலி, டேன்னு ரெண்டு டாக்டர்கள் எழுதின ஒரு பரம்பரை நோய், பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பா வழிவந்த அஷ்கெனாசி யூதக் குடும்பங்கள்ல, குழந்தை அழும் ஆனா கண்ணீர் வராது, அதுக்குக் காரணமான மரபணுவ 2001-ல கண்டுபிடிச்சாங்க.

திடீர்னு வர்றதுக்கு நம்ம நாட்டு உதாரணம் செந்தேள். அதோட விஷம் நரம்பு முனைகள ஒரேயடியா தூண்டிவிட்டு வாந்தி, எச்சில், கொட்டுற வேர்வை, அப்புறம் கை கால் ஜில்லுன்னு ஆகி பிரஷர் ஏறி நுரையீரல்ல நீர் கோத்துக்கும், இதுக்கு ஆட்டோநாமிக் ஸ்டார்ம்னே பேரு, தமிழ்ல தன்னியக்க நரம்புப் புயல்னா பொருந்தும். மகாராஷ்டிராவுல மகாட்ங்கிற ஊர்ல வேலை பாத்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் பிரசோசின்ங்கிற பிரஷர் மாத்திரையே இதுல உயிர் காப்பாத்தும்னு 1980-கள்ல காட்டினார். சின்ன ஊர் ஆஸ்பத்திரியில இருந்து உலகத்துக்குப் போன வைத்தியம், எனக்கு அத நினைச்சா ரொம்பப் பெருமை.

கோவிட்டுக்கு அப்புறம் பாட்ஸ்னு ஒரு சுருக்கப் பேரு அதிகமா காதுல விழுது. போஸ்சுரல் ஆர்த்தோஸ்டாட்டிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம், நிமிர்ந்து நின்னா இதயம் வேகமா துடிக்கிற நோய்க்குறித் தொகுப்பு. நின்ன 10 நிமிஷத்துக்குள்ள நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 30-க்கு மேல கூடணும், வளரிளம் பசங்களுக்கு 40, பிரஷர் பெருசா விழக்கூடாது, தொந்தரவு மூணு மாசமாவது இருக்கணும். இளம் பெண்களுக்குத்தான் அதிகம். நின்னா எகிறும் நாடின்னு பேச்சுல சொல்லலாம், யாருக்கும் புரியும்.

பிரஷர் விழற வகைக்கு ஆர்த்தோஸ்டாட்டிக் ஹைபோடென்ஷன்னு பேரு, தமிழ்ல நிற்கையில் ரத்த அழுத்தத் தாழ்வு. நின்ன மூணு நிமிஷத்துக்குள்ள மேல் அளவு 20 இல்லன்னா கீழ் அளவு 10 குறைஞ்சா அது. இதக் கண்டுபிடிக்க பெரிய மிஷின் வேண்டாம், அஞ்சு நிமிஷம் படுக்க வச்சு ஒருதரம், நிக்க வச்சு ஒண்ணாவது நிமிஷத்துலயும் மூணாவது நிமிஷத்துலயும் ஒவ்வொரு தரம் பிரஷரும் நாடியும் பாத்தா போதும். உக்கார வச்சு மட்டும் பிரஷர் பாத்துட்டு எல்லாம் நார்மல்னு அனுப்பினா, படுத்தும் நின்னும் ஒருதரம் பாருங்க டாக்டர்னு தயங்காம கேளுங்க.