பத்தரை மணிவரை தாங்கும் சாண்ட்விச்

காலை ஆறு மணிக்குக் கட்டிக் கொடுக்கிற சாண்ட்விச்சைப் பிள்ளை பாடசாலையில் திறப்பது பத்தரை மணியளவில். இடையில் நாலரை மணித்தியாலம். அவித்த முட்டை, மீன், கோழி போன்றவற்றை வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது, வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம்தான் என்பது உணவுப் பாதுகாப்பில் பழகிய கணக்கு. கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் மட்டக்களப்பு வகுப்பறை ஒன்றின் மூலையில் புத்தகப்பை எவ்வளவு சூடாகும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உள்ளே எதை வைப்பது என்று யோசிக்க முதல், எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள் என்று பாருங்கள்.

முதலில் பாண். போறணையால் வந்த சூட்டோடு வெட்டினால் பிய்ந்து உருண்டைபிடிக்கும். பின்னேரம் வாங்கிய பாண் அடுத்தநாள் காலையில் நன்றாக வெட்டுப்படும். வீட்டில் வெட்டுவதென்றால் வாள்போல் பல்லுள்ள கத்தியால் ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டுங்கள். மிச்சப் பாணைப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பது பலர் விடும் பிழை. அந்தக் குளிரில் பாணிலுள்ள மாப்பொருள் வெளியில் இருப்பதைவிட விரைவாக இறுகி, துண்டு வறண்டுவிடும். மேலே ஐஸ் பெட்டிக்குள், காற்றுப் புகாத பையில் துண்டு துண்டாக வைத்தால் பழுதாகாது.

பூஞ்சணம் பிடித்த பாணில் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பாவிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: வெக்கைக் காலத்தில் வெளியில் ஒரு குறையும் தெரியாத பாண், நடுவில் பிசுபிசுத்து, பிய்த்தால் நூல்போல் இழுபட்டு, கனிந்து அழுகிய பழம்போல் மணக்கும். அது மாவோடு வரும் ஒருவகை பக்டீரியாவின் வேலை. அதன் வித்துகள் பேக்கரிச் சூட்டுக்கே தப்பியவை, உங்கள் ரோஸ்டருக்கு அடங்கா. முழுப் பாணையும் வீசுங்கள்.

சாண்ட்விச் நசநசக்கக் காரணம் தண்ணீர். பட்டரோ மாஜரினோ ருசிக்காக மட்டும் பூசுவதல்ல, ஈரம் பாணுக்குள் இறங்காமல் தடுப்பதும் அதுதான். அதனால் நடுவில் ஒரு தீற்றல் போட்டு விடாமல், இரண்டு துண்டிலும் கரைவரை மெல்லியதாகப் பூசவேண்டும். ஒரு துண்டுக்கு ஒரு தேக்கரண்டி போதும். வெள்ளரிக்காயை நெடுக்காகப் பிளந்து, கரண்டியால் விதையைச் சுரண்டி, மெல்லியதாக வெட்டி ஒரு சிட்டிகை உப்புப் பிசறிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு சுத்தமான துணியில் போட்டு முறுக்கினால் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்பதைப் பார்க்கலாம். முறுக்காமல் விட்டிருந்தால் அது பாணுக்குத்தான் போயிருக்கும். தக்காளியைப் பாடசாலைக்குக் கட்டும் சாண்ட்விச்சில் வைக்காமல் விடுவதே நல்லது.

நாலரை மணித்தியாலம் தாங்கக்கூடிய உள்ளீடு எது என்று கேட்டால், நமது சீனிச் சம்பல்தான். அரைக் கிலோ பெரிய வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, நாலு மேசைக்கரண்டி எண்ணெயில் கறிவேப்பிலை, இரம்பை இலை, ஒரு துண்டு கறுவாவுடன் இளஞ்சூட்டில் இருபத்தைந்து நிமிடமாவது வதக்குங்கள். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் கரை கருகும், நடுவில் தண்ணீர் நிற்கும். வெங்காயம் சுருங்கிப் பழுப்பானதும் இடித்த மாசிக் கருவாடு இரண்டு மேசைக்கரண்டி, கொச்சிக்காய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, பாக்களவு புளியைக் கெட்டியாகக் கரைத்த கரைசல், உப்பு. கடைசியில் சீனி இரண்டு தேக்கரண்டி. சட்டியின் ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை கிளறவேண்டும். ஈரம் வற்றியிருப்பதும், புளியும் சீனியும் உப்பும் சேர்ந்திருப்பதும்தான் இதைத் தாங்கவைக்கின்றன. உலர்ந்த போத்தலில் போட்டுப் பிரிட்ஜில் வைத்து ஒரு கிழமை எடுக்கலாம், எடுக்கும் கரண்டியில் ஈரம் இருக்கக்கூடாது. தேங்காய்ச் சம்பல் அப்படியல்ல. பச்சைத் தேங்காயும் பச்சை வெங்காயமும் வெக்கையில் விரைவாகப் புளித்துவிடும், அதை வீட்டில் பாணோடு சுடச்சுடச் சாப்பிடுங்கள்.

ரின் மீன் என்றால் தண்ணீரை முழுதாக வடித்து, நடுமுள்ளை எடுத்து, எண்ணெய் தடவிய சட்டியில் ஐந்தாறு நிமிடம் பிரட்டி உலர்த்துங்கள். வெங்காயத்தையும் கொச்சிக்காயையும் அதிலேயே வதக்கிவிடலாம். இறக்கியபின் தேசிக்காய்ப் புளி. மிச்ச மீனை ரின்னோடு பிரிட்ஜில் வைக்காமல் மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றி, இரண்டு நாளுக்குள் முடியுங்கள். சூரை, கெளுத்தல் மீன் குழம்பில் மிஞ்சிய துண்டை உதிர்த்து வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: இந்த வகை மீன்கள் குளிரில்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும், அதைச் சமைத்தும் போக்க முடியாது. நாக்கில் மிளகு கடித்ததுபோல் சுள்ளென்றால் துப்பிவிடுங்கள்.

முட்டைக்கு, கொதிக்கிற தண்ணீரில் பன்னிரண்டு நிமிடம், உடனே பச்சைத் தண்ணீர். கூட அவித்தால் மஞ்சட்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வரும், தீங்கில்லை, பிள்ளைகள்தான் முகம் சுளிப்பார்கள். மயோனைஸ் பற்றித்தான் ஆட்கள் கூடுதலாகப் பயப்படுகிறார்கள். கடையில் வாங்கும் போத்தலில் வினாகிரி சேர்ந்திருப்பதால் அதற்குப் பொறுப்புக் குறைவு, கையால் பிசைந்த முட்டைக்குத்தான் அதிகம். ஆனால் பச்சை முட்டையை எண்ணெயோடு வீட்டில் அடித்த மயோனைஸைச் சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவேண்டாம். அதற்குப் பதில் நமது எருமைத் தயிர் இருக்கிறது: ஒரு கோப்பைத் தயிரைத் துணியில் கட்டி, பிரிட்ஜுக்குள் வடிதட்டில் மூன்று மணித்தியாலம் வடியவிட்டால் கரண்டியில் நிற்கிற பதத்துக்கு வரும். நாலு முட்டைக்கு அதில் மூன்று மேசைக்கரண்டி, மிளகுதூள், உப்பு, அரைத் தேக்கரண்டி கடுகுப் பேஸ்ட். எட்டுத் துண்டுக்குக் காணும். இது வீட்டில் உடனே சாப்பிட. நோன்பு திறக்க அஸருக்குப் பிறகு செய்து வைப்பவர்கள் மேசையில் பரப்பி வைக்காமல், மஃரிப் வரை பிரிட்ஜிலேயே விடுங்கள்.

ரோஸ்டர் இல்லாவிட்டால் தோசைக்கல் போதும். வெளிப்பக்கத்தில் பட்டர் தடவி, இளஞ்சூட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம், மேலே தட்டு வைத்து அதன்மேல் அம்மிக் குழவியை வையுங்கள்.

எதைச் செய்தாலும் உள்ளீடு ஆறவேண்டும். சூட்டோடு பாணில் வைத்து மூடினால் ஆவி மூடியில் முட்டி, துளியாக விழுந்து நனைக்கும், கிருமிக்கும் அது வசதி. அகலத் தட்டில் பரப்பினால் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். கையை சவர்க்காரம் போட்டு இருபது விநாடி கழுவுங்கள், விரலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேறொருவர் செய்யட்டும். காயத்திலிருந்து வரும் ஸ்டபிலோகொக்கஸ் என்ற பக்டீரியா உண்டாக்கும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி தொடங்குவது பெரும்பாலும் இதனால்தான். அப்படி நடந்தால் ஜீவனியை (நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்பு-சீனித் தூள்) பக்கற்றில் உள்ள அளவுப்படி கொதித்தாறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்து, வாந்தி நிற்காவிட்டால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

முட்டையோ மீனோ கட்டாயம் கட்டியனுப்ப வேண்டுமென்றால், ஐஸ் பெட்டியில் இறுகிய பாண் துண்டிலேயே ஆறிய உள்ளீட்டைப் பூசுங்கள், முக்கால்வாசி நிரப்பி உறையவைத்த 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பெட்டியோடு ஒட்டி ஒரே பைக்குள் வையுங்கள். தண்ணீர் உறையும்போது விரியும், அதனால்தான் முக்கால். சாப்பிடாமல் திரும்பி வந்த துண்டை இரவுக்கு எடுத்து வைக்கவேண்டாம். லஞ்ச் ஷீற்றோ பழைய பத்திரிகையோ வேண்டாம், மூடியுள்ள பெட்டியே போதும். மூடியின் உட்புறத்து இறப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். பெட்டி பளபளக்கும், வளையத்துக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கோடு ஓடும். கிழமைக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, வெயிலில் காயவிட்டு மாட்டுங்கள்.