ஒரே ஓட்டை, இரண்டு நோய்

மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 8 வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சிக்னலில் நிற்கும்போது ஐடில் வேகம் 700-க்கும் 1,100 ஆர்பிஎம்முக்கும் நடுவே ஏறி இறங்குகிறது. ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்கிறது. ஆனால் மிதித்து பூஸ்ட் ஏறியதும் பின்னால் கரும்புகை, பெட்ரோல் வாடை. பிளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரும் மாற்றியாகிவிட்டது. பெட்ரோல் குறைவா, அதிகமா?"

இரண்டும்தான். ஒரே ஓட்டையால் இரண்டும் வரும். இன்னும் ஒரு உருப்படி வாங்குவதற்கு முன், அந்த இன்ஜின் காற்றை எப்படி எண்ணுகிறது என்று பார்த்துவிடலாம். எண்ணும் விதம் புரிந்தால் ஓட்டை எந்த இடத்தில் என்பதைக்கூட உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓரளவு சொல்லிவிட முடியும்.

எவோ 1 முதல் 9 வரை, அதாவது 1992 முதல் 2007 வரை, உள்ளே இருந்தது 4ஜி63 என்ற 1,997 சிசி இன்ஜின். டாமி மேக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி பட்டம் வென்றது இந்த வரிசை வண்டிகளில்தான். டர்போவின் அடிப்படை எல்லோருக்கும் தெரிந்தது: வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்ற, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். சூடான காற்று இன்டர்கூலரில் ஆறி, மிதிக்கு ஏற்பத் திறக்கும் த்ராட்டில் வழியாக, சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டுக்குப் போகிறது.

காற்றை அளக்கும் சென்சார் இந்த வரிசையில் முதல் ஆளாக, ஏர் ஃபில்டரை ஒட்டி, டர்போவுக்கு முன்னால் நிற்கிறது. உள்ளே நுழைந்த காற்றுக்கு அது கணக்கு எழுதிவிடும். அந்தக் கணக்கைப் பார்த்து இன்ஜினின் கணினியான ஈசியூ பெட்ரோல் ஊற்றும். நடுவழியில் காற்று நழுவிப் போனால் ஈசியூவுக்குத் தெரிய வழியே இல்லை.

முழு பூஸ்ட்டில் ஒரு கிராம் பெட்ரோலுக்கு 11 கிராம் காற்று என்று டியூன் செய்த வண்டி என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் காற்று எண்ணப்பட்டால் சுமார் 9.1 கிராம் பெட்ரோல் விழும். வழியில் 10 கிராம் கசிந்துவிட்டால் சிலிண்டருக்குள் போவது 90 கிராம்தான். விகிதம் 9.9 ஆகிவிடும். கரும்புகையும் மிஸ்ஃபயரும் அங்கிருந்து வருகின்றன. இதே ஓட்டை த்ராட்டிலுக்குப் பின்னால் இருந்தால், ஐடிலில் கதை தலைகீழ். அப்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் நிலவுவதால், எண்ணப்படாத காற்று அந்த ஓட்டை வழியே உள்ளே வரும். கலவையில் பெட்ரோல் குறையும்; ஆக்ஸிஜன் சென்சார் திருத்தப் பார்க்கும், ஐடில் வால்வு இன்னொரு பக்கம் இழுக்கும். ஆர்பிஎம் முள் ஆடுவது இந்த இழுபறியில்.

ஆகவே நோயின் சேர்க்கையே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஐடில் கெட்டு, பூஸ்ட்டில் புகையும் வந்தால் த்ராட்டிலிலோ அதற்குப் பின்னாலோ. ஐடில் ஒழுங்காக இருந்து பூஸ்ட்டில் மட்டும் புகைந்தால் டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே, இன்டர்கூலர் குழாய்களில். எந்நேரமும் பெட்ரோல் போதாமல் ஓடினால் சென்சாருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில். அங்கே எப்போதும் உறிஞ்சல்தான் நடக்கிறது. நம் வாசகரின் வண்டி முதல் வகை.

இப்போது எண்ணும் வேலைக்கு வருகிறேன். உண்மையில் இதைச் சொல்லத்தான் கேள்வியை எடுத்துக்கொண்டேன்.

இன்று பெரும்பாலான கார்களில் இருப்பது சூடேற்றிய மெல்லிய கம்பியோ படலமோ. காற்று அதை எவ்வளவு குளிரவைக்கிறது என்பதை வைத்து அளப்பார்கள். எவோ 9 வரை மிட்சுபிஷி வேறு வழியில் போனது. காற்றுப் பாதையின் குறுக்கே ஒரு சிறு முக்கோணத் தூண். அவ்வளவுதான். ஓடையில் ஊன்றிய மூங்கில் கழிக்குப் பின்னால் தண்ணீர் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழித்துப் போகுமே, அதே சங்கதி. சென்சார் அந்தச் சுழல்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. பழைய மிட்சுபிஷிகளில் குறுக்கே அல்ட்ராசவுண்ட் அனுப்பி எண்ணினார்கள். பிறகு வந்தவற்றில் சுழல் உண்டாக்கும் அழுத்தத் துடிப்பை உணர்ந்தார்கள். டொயோட்டா சில இன்ஜின்களில் சுழல் பட்டு நடுங்கும் மெல்லிய உலோகக் கண்ணாடியில் ஒளியைத் தெறிக்கவிட்டு எண்ணியது.

சுழல் ஏன் ஒன்றுவிட்டு ஒன்றாக வருகிறது? தூணின் இரு விளிம்பிலும் காற்று பிரிந்து படலமாகப் போகிறது. படலத்தின் வெளிப்பக்கம் வேகம், தூணுக்குப் பின்னாலுள்ள உட்பக்கம் கிட்டத்தட்ட அசைவில்லை. அதனால் படலம் தானாக உள்நோக்கிச் சுருளும். இடப்பக்கச் சுருள் கொஞ்சம் முந்திக்கொண்டது என்று வையுங்கள். தன் படலத்திலிருந்து வரும் வரத்தில் அது பெருக்கிறது. பெருக்கப் பெருக்க, வலப்பக்கப் படலத்தையும் தன் பக்கம் இழுக்கிறது. வலப்பக்கத்தின் சுழற்சியோ எதிர்த்திசை. அது குறுக்கே வந்து விழுந்ததும் இடப்பக்கச் சுருளுக்கு வந்த வரத்து அறுந்துபோகும். சுருள் கழன்று காற்றோடு போய்விடும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அச்சு அசல் அதுதான். பிறகு வலப்பக்கத்தின் முறை. அதற்கும் இதே கதி.

இந்தச் சுற்றுக்கு ஆகும் நேரத்தைத் தீர்மானிப்பவை இரண்டே: தூணின் அகலம், காற்றின் வேகம். உருளைக் கம்பிக்கு, பரந்த வேக எல்லையில், ஒரு பக்கத்தில் நொடிக்கு எத்தனை சுழல் என்பது ஏறத்தாழ 0.2 பெருக்கல் வேகம் வகுத்தல் அகலம். 2 செ.மீ. கம்பியில் நொடிக்கு 10 மீட்டர் காற்று அடித்தால் 100 ஹெர்ட்ஸ். காற்றில் கம்பி பாடுவதை ஆராய்ந்த செக் இயற்பியலாளர் ஸ்ட்ரூஹால் 1878-ல் இந்த உறவைக் கண்டார். முக்கோணத் தூணுக்கு 0.2 வேறு எண்ணாகும். ஆனால் கூரான விளிம்பு இருப்பதால் காற்று பிரியும் இடம் எந்த வேகத்திலும் நகராது, எண்ணும் நிலையாக நிற்கும். வேகமும் எண்ணிக்கையும் நேர்விகிதம். ஐடிலில் சில பத்து ஹெர்ட்ஸ், முழு பூஸ்ட்டில் ஆயிரத்துக்கு மேல். தேய்மானமில்லை, அசையும் கதவில்லை, எண்ணெய் படிந்து கெட்டுப்போகச் சூடான கம்பியுமில்லை.

இந்தச் சுழல் வரிசைக்குக் 'கார்மன் சுழல்' என்று பெயர் வந்த விதம் வேடிக்கையானது. 1911-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில், பாய்ம ஓட்டங்களை ஆராய்ந்த பிராண்டிலின் மாணவர் ஹீமென்ஸ் நீரோட்டத்தில் ஓர் உருளையை வைத்து அதைச் சுற்றியுள்ள அழுத்தத்தை அளக்க முயன்றார். ஓட்டம் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டமில்லை என்றார்கள். இழைத்துப் பார்த்தார், ஆடியது. தொட்டி சமச்சீராக இல்லை என்றார்கள். சரிசெய்தார், அப்போதும் ஆடியது. அங்கே உதவியாளராக இருந்த தியோடர் வான் கார்மன், ஆட்டத்துக்கு உள்ளார்ந்த காரணம் இருக்கவேண்டும் என்று கணக்கில் இறங்கினார். சுழல்கள் இணையிணையாக எதிரெதிரே நின்றால் நிலைக்காது. ஒன்றுவிட்டு ஒன்றாக, வரிசைகளுக்கு இடையிலுள்ள அகலத்துக்கும் ஒரே வரிசையில் அடுத்தடுத்த சுழல்களின் தூரத்துக்கும் உள்ள விகிதம் 0.281 ஆக இருந்தால் மட்டும் நிலைக்கும் என்று வந்தது.

கம்பத்துக்குப் பின்னால் தண்ணீர் ஏன் ஆடுகிறது என்று ஆராய இன்று யாராவது நிதி கேட்டால், விண்ணப்பத்தில் 'சமூகப் பயன்' கட்டத்தில் என்ன எழுதுவார்? சுமார் 70 ஆண்டு கழித்துக் காருக்குள் வரும் என்றா? பெட்ரோல் குழாயில் கட்டினால் மைலேஜ் கூடும் என்று விற்கும் காந்தத்துக்குப் பணம் புரள்கிறது. அந்தக் காந்தத்தால் பெட்ரோலுக்கு ஆவது ஒன்றுமில்லை.

ஒரு குறை உண்டு. சுழல் எண்ணிக்கையில் காற்றின் அடர்த்தி வரவே வராது. கிடைப்பது பருமன், பெட்ரோலுக்குத் தேவை நிறை. அதனால் அதே டப்பாவுக்குள் வளிமண்டல அழுத்தத்துக்கும் வெப்பநிலைக்கும் தனித்தனி சென்சார்கள் வைத்திருக்கிறார்கள். 4,302 மீட்டர் உயரமுள்ள கொலராடோவின் பைக்ஸ் பீக் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். அங்கேயும் சுழல்கள் வழக்கம்போல் பிறக்கும், அழுத்த சென்சார்தான் கணக்கைக் காப்பாற்றும்.

மாற்றம் செய்பவர்கள் கைவைத்துக் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான். சென்சாரின் வாயிலில் தேன்கூடு போன்ற ஒரு வலை இருக்கும். காற்றை அடைக்கிறது என்று அதைப் பிய்த்தெறிவார்கள். அது காற்றை நேராக்கி அனுப்பும் பொருள். அது இல்லாவிட்டால் குழம்பிய காற்று தூணில் மோதி, எண்ணிக்கை தாறுமாறாகும். பூஸ்ட்டை மிக உயர்த்தினாலும் ஒரு கட்டத்தில் சுழல்கள் சிதறி சென்சார் தவறவிடும். அந்த அளவுக்குப் போகிறவர்கள் இந்தச் சென்சாரையே கழற்றிவிட்டு, மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடும் முறைக்கு மாறுவார்கள். அந்த முறையில் இன்டர்கூலர் குழாய் கசிந்தால் கரும்புகை வராது. டர்போ கூடுதலாகச் சுற்றிச் சூடாகும், அவ்வளவே. அதனாலேயே கசிவு கண்ணில் படாமல் கிடக்கும்.

கியர் மாற்றும்போது 'புஸ்ஸ்' என்று காற்றை வெளியே விடும் வால்வும் இதே கணக்கில் சேரும். எண்ணிய காற்றை வேண்டுமென்றே வெளியே கொட்டுவதுதான் அந்தச் சத்தம். கம்பெனி வால்வு அதே காற்றைச் சென்சாருக்கும் டர்போவுக்கும் இடையில் திருப்பி விடுகிறது. அப்படியே விடுங்கள்.

இனி ஓட்டையைத் தேடலாம். தேவை: சென்சாரின் பின்வாய் அளவுக்கு, சுமார் 3 அங்குல பிவிசி மூடி, அதில் துளையிட்டுப் பொருத்திய டயர் வால்வு, ரெகுலேட்டர் உள்ள கம்ப்ரஸர், சோப்புத் தண்ணீர். இன்ஜின் ஆறியிருக்கவேண்டும். சென்சாரைக் கழற்றி, ரப்பர் குழாயின் வாயில் மூடியைச் செருகி கிளாம்ப் போடுங்கள். வால்வு கவரிலிருந்து அந்தக் குழாய்க்கு வரும் பிரீதர் ஹோஸைப் பிடுங்கி, குழாய்ப் பக்கத்தை அடையுங்கள். மறந்தால் காற்று நேராக இன்ஜின் அடிவயிற்றுக்குப் போய் ஆயில் சீலைத் தள்ளிவிடும். ஆயில் ஊற்றும் மூடியை முதலிலேயே திறந்து வையுங்கள்.

முதலில் 0.3 பார். பெரிய ஓட்டை இதிலேயே சீறும். பிறகு மெதுவாக 1 பார் தாண்டி, வண்டியின் பூஸ்ட் அளவுக்கு. எவோ 8-ல் கம்பெனி உச்சம் சுமார் 1.3 பார். மூடிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். கழன்றால் குண்டுபோல் வரும். சைலன்ஸரில் காற்று வந்தால் திறந்திருக்கும் வால்வுகள் வழியே போகிறது. கிராங்கைக் கொஞ்சம் திருப்புங்கள். ஆயில் மூடி வழியாக லேசாக வருவது இயல்பு. பலமாக வந்தால், இன்ஜின் அடிவயிற்று ஆவியை மேனிஃபோல்டுக்கு விடும் பிசிவி வால்வைக் கழற்றி ஊதிப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் போகவேண்டும்.

நம் வாசகர் முதலில் சோப்புத் தண்ணீர் விடவேண்டியது த்ராட்டில் அச்சின் இரு முனைகளிலும். பழைய 4ஜி63-ல் அந்த சீல் காய்ந்து சுருங்கும். கேபிள் பக்கத்தில் பொடி நுரை மீசைபோல் முளைக்கும். அடுத்து த்ராட்டில் கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங், வெடித்த வேக்குவம் ஹோஸ்கள். திருப்பிவிடும் வால்வின் கசிவு மட்டும் இந்தச் சோதனையில் தெரியாது, இரு பக்கமும் ஒரே அழுத்தம் என்பதால். அதற்கு மூடியை டர்போ வாயிலேயே பொருத்தி, வால்வின் திரும்பு குழாயில் விரல் வைத்துப் பார்க்கவேண்டும்.

சீல் மாற்றும்போது த்ராட்டில் தட்டின் திருகுகள் முனை நசுக்கப்பட்டிருக்கும். திரும்பப் பூட்டும்போது திருகுப் பசையான லாக்டைட் போடாமல் விட்டால், ஒரு நாள் திருகு சிலிண்டருக்குள் விழும். ஓ-ரிங்கில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவித்தான் அழுத்தவேண்டும். உலர்ந்து ஏற்றினால் கிழியும். இன்டர்கூலர் ஹோஸ் வழுக்கிக் கழன்றிருந்தால் கிளாம்பை நெரிக்காதீர்கள். உள்ளே ஆயில் படலம்தான் காரணம். பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு மாட்டினால் பிடிக்கும்.

அடைத்த உடனே முழு மிதி மிதிக்கக்கூடாது. பழைய வண்டி, பல கை மாறியது. கசிவு இருந்த காலத்தில் யாராவது புகையைப் பார்த்து பெட்ரோலைக் குறைத்து டியூன் செய்திருக்கலாம். 10 சதவீதக் கசிவோடு 11 என்று வைத்திருந்தால், அடைத்தபின் அதே டியூன் 12.2-க்குப் போகும். பம்ப் பெட்ரோலில், 1.3 பாரில் நாக், அதாவது சிலிண்டருக்குள் கலவை தானாக வெடிப்பது, தொடங்க அது போதும். பேட்டரியைக் கழற்றி ஈசியூ கற்றதை அழியுங்கள், கலவை விகிதத்தை அளந்து காட்டும் வைட்பேண்ட் சென்சார் மாட்டுங்கள், மூன்றாம் கியரில் பாதி பூஸ்ட்டில் ஒரு லாக் (பதிவு) எடுங்கள். விகிதம் 11.5-ஐத் தாண்டினாலோ நாக் எண்ணிக்கை ஏறினாலோ காலை எடுத்துவிட்டு, டியூனை முதலில் திருத்துங்கள்.