மூன்று தண்ணீர் ஊற்றும்வரை காத்திருக்காதீர்கள்

"முத்து இறங்கட்டும், மூணு தண்ணி ஊத்திட்டு வரலாம்னு இருந்தோம் டாக்டரம்மா."

போன வாரம் தாராவியிலிருந்து தம்பியை டாக்சியில் கிடத்திக்கொண்டு வந்த அக்கா சொன்னது இது. 11 நாளாக வேப்பிலைப் படுக்கை. அதற்கும் முன்பே, திருநெல்வேலிக்குப் போன இடத்தில் எச்ஐவி மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 வெள்ளணுக்களின் எண்ணிக்கை 100-க்கும் கீழே. பரிசோதனையில் தெரிந்தது சின்னம்மைதான். அதுவே நுரையீரல்வரை போயிருந்தது. குரங்கம்மையாக (எம்பாக்ஸ்) இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

"அம்மை தானா இறங்கிடும்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. குரங்கம்மை பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 4 வாரத்தில் ஆறிவிடும், உண்மைதான். ஆனால் தானாக ஒன்றும் இறங்குவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்திதான் இறக்குகிறது. அது இல்லாத உடம்பில் கொப்புளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, கறுத்து, சதை அழுகும். நுரையீரலும் கெடும். 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் சிடி4 350-க்குக் கீழே இருந்த 382 குரங்கம்மை நோயாளிகளில் 27 பேர் இறந்தார்கள். அந்த 27 பேருக்குமே சிடி4 200-க்குக் கீழே.

எச்ஐவி இருந்தாலே இப்படி ஆகும் என்று நினைக்காதீர்கள். மாத்திரையை விடாமல் சாப்பிட்டு வைரஸை அடக்கி வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே ஆறுகிறது. புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள், நாள்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் எல்லோருக்கும் எதிர்ப்புச் சக்தி குறையும், அவர்களும் கவனமாக இருக்க வேண்டும். அரிக்கிறது என்று மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு வாங்கிப் போடாதீர்கள், தயவுசெய்து!

வெளிநாடு போனால்தான் குரங்கம்மை வரும் என்பதும் தவறு. 2022 ஜூலையில் டெல்லியில் முதலில் கண்டறியப்பட்டவர் வெளிநாடே போகாதவர்.

வேப்பிலை வையுங்கள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. கொப்புளம் கண்ட அன்றே ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எதை எப்போது நிறுத்தினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், நாங்கள் திட்ட மாட்டோம். ஒரே அறை வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்கள், சரி. துண்டு, போர்வை, தட்டையாவது தனியாக வையுங்கள். கொப்புளங்களைத் துணியால் மூடுங்கள். எல்லாப் பொருக்கும் உதிர்ந்து புதுத்தோல் வரும்வரை குழந்தைகளைப் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள்.

அப்புறம், ஊருக்குப் போகிறீர்கள் என்றால் எச்ஐவி மாத்திரை தரும் ஏஆர்டி சென்டரில் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊர்ப்பக்கத்து சென்டரிலும் மாத்திரை இலவசம்தான். அந்தத் தம்பிக்கு இதை யாரும் சொல்லவில்லையாம்.