பனிக்கு அடியில் பாலாற்று மணல்

வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தம்பி குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பயிற்சியில் இருக்கிறான். சத்தம் போட்டால் பனி சரியும் என்கிறார்களே, நிஜமா?" வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள ஊர். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிக்குள் புதைந்த 10 பேரில் வேலூர் மாவட்டத்துக்காரரும் ஒருவர்.

சத்தத்துக்குச் சரியாது, அது சினிமா. சறுக்கிப் போகிறவரின் எடைக்குச் சரியும். சிக்கியவரோ கூட வந்தவரோதான் பெரும்பாலும் அதைக் கிளப்பியிருப்பார். சரிவும் ஏறக்குறைய 30 முதல் 45 டிகிரி இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி சேரச் சேர உதிர்ந்துவிடும். (மலைத்தெய்வத்தின் கோபம் என்பவர்களிடம், தெய்வம் கையில் கோணமானி வைத்திருக்கிறதா என்று கேட்கத் தோன்றும்.)

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். பனி போர்த்திய தரை கிட்டத்தட்ட 0 டிகிரியில் இருக்கும். மேலே காற்று மைனஸ் 15 என்று வைத்துக்கொள்வோம். இட்லிப்பானை மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்குமே, அதே சங்கதி. கீழேயுள்ள பனிமணியிலிருந்து ஆவி கிளம்பி, மேலேயுள்ள குளிர்ந்த மணியின் அடியில் படியும். தண்ணீராகாமல் நேரே பனிக்கட்டியாகவே படியும். 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இது மும்முரமாக நடக்கும். உருண்டை மணிகள் பட்டை பட்டையாக வளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் போய்விடும். அள்ளிப் பார்த்தால் மே மாதத்துப் பாலாற்று மணல் மாதிரி விரலிடுக்கில் வழியும். பனி மெல்லிசாக விழுந்த வருடத்தில்தான் இந்தக் கூத்து அதிகம். அதே 15 டிகிரி வித்தியாசம் குறைந்த ஆழத்துக்குள் அடங்க வேண்டுமே!

அப்புறம் ஒரு புயல் வந்து, இந்த மணலின்மேல் புதுப்பனியைப் பலகைபோல இறுக்கி வைத்துவிட்டுப் போகும். ஒருவர் மிதித்தால் அடியடுக்கு நொறுங்கும். நொறுங்கல் பக்கவாட்டில் ஓடும். 'தொம்' என்று அமுங்கிய சத்தம் கேட்கும். சமதரையில் பெரும்பாலும் அதோடு சரி. சரிவில் பலகை மொத்தமும் கிளம்பும்.

சோதிப்பதற்குக் குழி தோண்டி, 30 செ.மீ. சதுரத்தில் பனித்தூண் வெட்டுவார்கள். மண்வாரித் தகட்டைத் தூணின் தலையில் வைத்து மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில் உடைந்தது என்பதோடு, எப்படி உடைந்தது என்றும் பார்க்க வேண்டும். மேல்துண்டு மேஜை டிராயர் மாதிரி வழுக்கி வந்தால் மோசம். உடையாவிட்டாலும் அது அந்தக் குழிக்கு மட்டும்தான் சாட்சி. பத்தடி தள்ளி வேறு மாதிரி இருக்கலாம்.

தம்பி காதில் அந்த 'தொம்' விழுந்துவிட்டால் குழியே வேண்டாம். சரிவுப் பக்கம் போகாமல் திரும்பிவிடச் சொல்லுங்கள்.